சக்களத்தி வீட்டுக்குக் கொண்டுபோன தேயிலை

செத்துப்போனவளோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் எந்த ஊரிலாவது உண்டா? மலையடிவாரத்து ஊரான மெய்ஷானில் தேயிலைக் காம்பு பொறுக்கும் யூலான் ஐந்து வருஷமாக அந்த மல்லுக்கட்டைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். அதுவும் தினம் விடிந்ததும், பல் துலக்கிய கையோடு.

அவள் யோங்ஃபாவுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் சூச்சின். முப்பத்தெட்டு வயதில், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்; எழுந்திருக்கவில்லை. அது நடந்து எட்டு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. ஆனால் கூடத்துப் பூஜை மேடையில், யோங்ஃபாவின் முன்னோர் பெயர் எழுதிய பலகையில் அவள் பெயரும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தன்று யூலான் செய்த முதல் காரியமே அந்தப் பலகைக்கு முன்னால் ஊதுபத்தி பிடித்து, "அக்கா, நான் வந்திருக்கேன்" என்று சொன்னதுதான். வாய் சொன்னது. வயிறு சொல்லவில்லை.

தினமும் காலையில் மேடைக்குத் தேநீர் வைக்க வேண்டும். சாமிக்கு மூன்று கோப்பை, முன்னோருக்கு ஒன்று. சாமிக்குத் தளும்பத் தளும்ப ஊற்றுவாள். முன்னோர் கோப்பையில் மட்டும் ஒரு விரற்கடை குறைத்து ஊற்றுவாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவள் அக்காவுக்கு ஊற்றினாலும் அளந்துதான் ஊற்றினாள். பாவம், அந்தக் கோப்பையில் யோங்ஃபாவின் அப்பனும் பாட்டனும் பங்காளிகள். சக்களத்தி பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு அவர்களுக்கும் அரைத் தாகம்தான்.

யூலானுக்கு அது வரைக்கும் வாழ்க்கையில் எதுவுமே முழுசாகக் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறந்தது கீழே யுன்லின் சமவெளியில், வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில். பதினாறு வயதில் காலுறை நெய்கிற ஆலைக்கு வேலைக்குப் போனாள். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை, "தங்கச்சி கலரா இருக்கா" என்று தங்கையைக் கட்டிக்கொண்டான். அப்பா படுக்கையில் விழ, பதினோரு வருஷம் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். அவர் போன பிறகு அண்ணி, "இந்த வீட்ல இடம் பத்தல" என்றாள். முப்பத்தொன்பது வயதில் ஒரு துணிப்பையோடு மலையடிவாரத்துக்கு வந்து ஹுவாங் அக்காவின் தேயிலைக் கடையில் காம்பு பொறுக்க உட்கார்ந்தாள்.

இருக்கிற வேலையிலேயே பொறுமை அதிகம் வேண்டியது அதுதான். மலையில் பறித்துச் சுருட்டிக் காயவைத்த தேயிலை, பச்சைக் குண்டுமணி மாதிரி மூட்டை மூட்டையாக வரும். அதைத் தட்டில் பரப்பி, காம்பையும் பழுத்த இலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் உண்டு. முடித்த மூட்டைக்குள் எண்ணை எழுதி ஒரு சீட்டுப் போட வேண்டும். நாளைக்குக் காம்பு அகப்பட்டால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா? யூலானின் எண் ஏழு. எட்டு வருஷத்தில் ஏழாம் எண்ணுக்கு ஒரு வசவு விழுந்ததில்லை. மற்றவர்கள் அரட்டையில் ஊறிக் கிடக்கும்போது இவள் கண் மட்டும் தட்டை விட்டு எழாது.

மூட்டை ஏற்ற வருகிற வண்டிக்காரன்தான் யோங்ஃபா. வாய் என்ற ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். ஒரு வருஷம் போல வந்து போய்க்கொண்டிருந்தவன், ஒரு நாள் அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பை கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வைத்தான். மூன்றாம் நாள், "என்னய்யா, கடையா போடப் போற?" என்று கேட்டாள். "இல்ல. கல்யாணம்" என்றான். இதைவிடச் சுருக்கமாக எவனும் பெண் கேட்டிருக்க மாட்டான்.

இந்த வாயடைத்த மனிதன் வருஷத்தில் ஒரே ஒரு காரியத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். அங்கேதான் யூலானுக்கு எரியும்.

அந்த ஊர் வழக்கப்படி புத்தாண்டின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போகிற நாள். சூச்சின் போன பிறகும் அவள் அம்மாவைப் பார்க்க அவன் தவறாமல் மலைமேல் ரெய்லிக்குப் போவான். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஹுவாங் அக்கா கடையில் தேயிலை தேர்ந்தெடுப்பான். குளிர்காலத்தில் உயர்மலையில் பறித்த, ஊலாங் என்கிற தேயிலை வகை. முகர்ந்து பார்ப்பான், உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பான், மூட்டை மூட்டையாக ஆராய்வான். கடைசியில் வெளிர்மஞ்சளாக இறங்குகிற, பூ வாசனை அடிக்கிற ஒன்றை இரண்டு டப்பாவில் அடைத்து, சிவப்புத் துணியில் முடிந்து, மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் கொண்டுபோவான். எனக்கு ஒரு சீப்பு வாங்கித் தரத் துப்பில்லை, அவ வீட்டுக்கு மட்டும் மோந்து மோந்து வாங்குறதைப் பாரு என்று யூலான் பல்லைக் கடிப்பாள். முதல் வருஷம் கேட்டும் பார்த்தாள்.

"எதுக்குங்க குறிப்பா இந்த டீயே?"

"இதுதான் கொண்டுபோகணும்."

அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? மூத்தவளுக்குப் பிடித்த வாசனை, அதுதான் இவன் மூக்கை விட்டுப் போகவில்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

இன்னொன்றும் உண்டு. அங்கே வழக்கம் என்னவென்றால், இரண்டாம் தாரமாக வருகிறவளை மூத்தவளின் அம்மா தன் மகளாக ஏற்றுக்கொள்வாள். இவளும் அந்த வீட்டைப் பிறந்த வீடாகக் கொண்டாட வேண்டும். கல்யாணமான புதிதிலேயே கிழவி சொல்லி அனுப்பினாள். யூலான் போகவில்லை. இரண்டாம் நாள் வந்தால், "எனக்கு எங்கண்ணன் வீடு இருக்கு" என்று யுன்லினுக்கு பஸ் ஏறிவிடுவாள். அங்கே அண்ணி வைக்கும் ஆறிப்போன முள்ளங்கி அரிசிக்கேக்கைத் தின்றுவிட்டுத் திரும்புவாள். ஆறிப்போனதானாலும் அது சக்களத்தி வீட்டுச் சோறு இல்லையே.

இந்த வருஷம் எல்லாம் தலைகீழானது. புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கையில் யோங்ஃபா வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அண்ணியோ புத்தாண்டுக்கு ஜப்பான் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். சாக்குச் சொல்ல இருந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது.

"நீ போயிட்டு வா" என்றான் யோங்ஃபா, கூரையைப் பார்த்துக்கொண்டு. "அவங்க தனியா இருக்காங்க."

"நானா? அவங்களுக்கும் எனக்கும் என்ன?"

"நீ மகதானே."

"ஆமா, பெத்துப் போட்டாங்க பாருங்க!"

அவன் மாவுக்கட்டுக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டான். அப்புறம், "டீயை ஹுவாங் அக்காகிட்ட எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன். அதையே வாங்கு. வேற எதுவும் வேண்டாம்" என்றான். படுத்த படுக்கையிலும் அதைச் சொல்லி வைத்திருக்கிறான் பாருங்கள். அந்த நிமிஷமே யூலான் தீர்மானித்துவிட்டாள்: எதை வேண்டுமானாலும் வாங்குவேன், அதை மட்டும் வாங்க மாட்டேன்.

ஹுவாங் அக்கா மேசைக்கு அடியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். "இந்தாடி, உன் புருஷன் சொன்னது."

"அது வேண்டாம் அக்கா. வேற காட்டுங்க."

"ஏன்டி? அவன் என் கழுத்தைத் திருகிடுவான். அவன் இதைக் கேக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு..."

"காரணம் எனக்குத் தெரியும்! நீங்க ஒண்ணும் விளக்கம் சொல்ல வேண்டாம்."

அவள் குரலில் ஏறிய காரத்தைக் கேட்டு, ஹுவாங் அக்கா தோளைக் குலுக்கிவிட்டு மூன்று வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை இலை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், மேலே மூடி, ஆறு நிமிஷம். ஆளையும் தேயிலையையும் இப்படிக் கொதிநீரில் போட்டு வைத்தால்தான் யோக்கியதை தெரியும் என்பது அக்காவின் கட்சி.

முதல் கோப்பை பூ வாசனை. யூலான் மூக்கைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது பால் வாசனை அடித்தது. அதிலும் அந்தப் பூவின் சாயல். மூன்றாவது மூடியைத் திறந்ததும் கரியடுப்பும் சுட்ட சர்க்கரைவள்ளியும் சேர்ந்த மணம் வந்தது. கரியில் நான்கு தடவை வாட்டின இலை. நிறம் தேன். பூவாவது, மண்ணாவது.

"இது கிழடுகட்டை குடிக்கறதுடி" என்றாள் அக்கா. "இப்ப யாரு பரிசா குடுக்கறாங்க? எல்லாருக்கும் பூ வாசனைதான் வேணும்."

"இதுவே இருக்கட்டும். ரெண்டு டப்பா."

பூவைக் கேட்ட வீட்டுக்குப் புகையைக் கொண்டுபோகிறேன் என்று யூலானுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அந்தம்மா முகம் சுளிக்கட்டும், 'சூச்சின் இருந்திருந்தா இப்படி வாங்குவாளா' என்று சொல்லட்டும், அதோடு இந்த மகள் உறவும் முறிந்தது என்று தலைமுழுகிவிட்டு வரலாம். சிவப்புத் துணியை மட்டும் யோங்ஃபாவுடையதையே எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை பஸ்ஸில் எல்லாப் பெண்களும் அம்மா வீட்டுக்குப் போகிற சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, "நீங்களும் அம்மா வீட்டுக்கா?" என்று கேட்டாள். "ஆமா, மாதிரி" என்றாள் யூலான். வளைவுக்கு வளைவு குமட்டியது. வழியைக் குறை சொன்னாள், டிரைவரைக் குறை சொன்னாள். பயத்தை யாரிடம் சொல்வது?

கிழவி வாசலிலேயே நின்றிருந்தாள். எழுபத்து மூன்று வயது. வில் மாதிரி வளைந்த கால்கள், ஊசி மாதிரி கண்.

"வந்துட்டியா? அஞ்சு வருஷம் ஆச்சா, வழி தெரியறதுக்கு?"

யூலான் வாய்க்குள் என்னவோ முனகினாள். 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டாள். உள்ளே போனதும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த புகைப்படம் கண்ணில் பட்டது. சூச்சின், இரண்டு கையாலும் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவலட்சணமாக இருப்பாள் என்று ஐந்து வருஷமாக ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போச்சு.

கிழவி சிவப்புத் துணி முடிச்சைப் பார்த்துச் சலிப்போடு கையை நீட்டினாள். பழகின துணி, பழகின இரண்டு டப்பா. ஆனால் அவிழ்த்ததும் வேறு ஏதோ மணம் தட்டிக் கை நின்றுவிட்டது. டப்பாவை மூக்குக்குக் கொண்டுபோனாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த தாள் பொட்டலத்தைக் கத்தரியால் வெட்டினாள். கரி வாசனை வீடு பூராவும் பரவியது.

முதல் கோப்பையைக் குடித்தாள். இரண்டாவதையும் குடித்தாள். யூலானுக்கு ஒரு வாய் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. மூன்றாவது கோப்பை கையில் இருக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று இறங்கியது.

"இதை யாரு எடுத்தது?"

"நான்தான்." தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவன் சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல. அவரு வேற சொன்னாரு. நானாத்தான் எடுத்தேன்."

"பொய் சொல்லாதே."

"சத்தியமா."

கிழவி மூக்கை உறிஞ்சினாள். "இது சூச்சின் கொண்டாற டீ. அவளுக்குக் கரியில வாட்டினதுதான் ஆகும். எனக்கும் அதுதான். கட்டிக்குடுத்த நாள்லேருந்து வருஷா வருஷம் இதுதான் வரும். அவ போன பிறகும் ரெண்டு வருஷம் அவன் இதையே கொண்டு வந்தான்."

யூலானுக்குப் பூமி நழுவியது. கடையில் இருந்த மூன்று கோப்பையில், சக்களத்தியின் நாக்கு எதைத் தொடுமோ அதையா நான் பொறுக்கினேன்? எவளிடமிருந்து தப்பி ஓடினேனோ அவள் மடியிலேயே போய் விழுந்தேனா? அப்புறம்தான் கணக்கு உதைத்தது.

"அப்போ... அந்தப் பூ வாசனை டீ? அஞ்சு வருஷமா அவரு மோந்து மோந்து கொண்டு வர்றாரே?"

"அதுவா?" கிழவி கோப்பையை டக்கென்று வைத்தாள். "சூச்சின் அதை ஒரு மடக்கு குடிச்சான்னா வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவா. அவளுக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். போய் அந்த அலமாரி மேல பாரு. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறு."

யூலான் ஏறினாள். தூசி படிந்து பத்து டப்பா. ஐந்து ஜோடி. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒன்றை இறக்கித் தூசி தட்டித் திருப்பினாள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஏழு. அவள் கையெழுத்து, ஏழின் கொம்பை அவள்தான் அப்படி நீளமாக இழுப்பாள். அடுத்ததைத் திருப்பினாள். ஏழு. பத்திலும் ஏழு.

"உன்னைக் கட்டின வருஷம் வந்து நின்னான்," கிழவி கீழிருந்து பேசினாள். "வாயே திறக்காத மனுஷன், அன்னிக்கு என்ன பேச்சு! 'அம்மா, இது அவ பொறுக்கினது. தட்டுல கொட்டிப் பாருங்க, ஒரு காம்பு இருக்காது. அவ கையைப் பாக்கணும் நீங்க.' என் பொண்ணு போய் மூணே வருஷம். எங்கிட்டயே வந்து இன்னொருத்தி கையைப் புகழறான். எனக்கு எப்படி இருக்கும்? நல்லா இருக்குன்னு சொல்லி வாங்கி மேல வெச்சேன். அடுத்த வருஷமும் அதே பேச்சு. பிரிக்கவே மாட்டேன்னு வெச்சேன். வயிறு எரிஞ்சுது எனக்கு."

"எனக்குந்தான்" என்றாள் யூலான் நாற்காலி மேல் நின்றபடியே. அப்படிச் சொல்வோம் என்று அவளே நினைக்கவில்லை. "தினமும் எரிஞ்சுது."

"உனக்கு எதுக்குடி? உசிரோட இருக்கிறவ நீதானே!"

"செத்துப்போனவங்க குழம்புல உப்பு அதிகமாப் போட மாட்டாங்க. எதிர்த்துப் பேச மாட்டாங்க. தப்பே பண்ண மாட்டாங்களே, அம்மா. நான் எப்படி ஜெயிக்கிறது?"

அம்மா என்ற சொல் எப்போது வெளியே வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழவிக்குத் தெரிந்தது. ஊசிக் கண்ணால் ஒரு நிமிஷம் பார்த்தாள். "இறங்கு. விழுந்து தொலைச்சு நீயும் காலை முறிச்சுக்காத. சாப்பிடு முதல்ல" என்றாள்.

கோழியும் மூங்கில் குருத்தும் போட்ட சூப்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. சாப்பிடும்போது, "சூச்சின் மீனைப் பொரிச்சா சட்டியோட ஒட்டிக்கும், தெரியுமா?" என்றாள் கிழவி. "சும்மா சொல்லாதீங்க" என்றாள் யூலான், ஆனால் அன்றைக்கு அவளுக்கு இறங்கின அந்த ஒரு வாய் சோற்றின் ருசி வேறு.

கிளம்புகிற நேரத்தில் யூலானுக்குப் புதிதாக ஒரு எரிச்சல் கிளம்பியது. "என் டீயையும் ஒண்ணு பிரிச்சுக் குடிச்சிருக்கலாம். அந்தக் கரி டீயை மட்டும் மூணு கோப்பை குடிச்சீங்களே."

"இன்னிக்கு நான் என் பெரிய பொண்ணோட டீயைக் குடிச்சேன்." கிழவி சிவப்புத் துணியில் முதல் வருஷத்து ஜோடியை வைத்து முடிந்தாள், பிறந்த வீட்டிலிருந்து பெண் வெறுங்கையோடு போகக் கூடாதே. "சின்னவளோடதை அடுத்த வருஷம் குடிக்கிறேன். நீயே கொண்டா. அவன் கையில குடுத்தனுப்பினா மறுபடியும் மேலதான் ஏறும், சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் யூலான் டப்பாவை யோங்ஃபாவின் மாவுக்கட்டின் மேலேயே வைத்தாள். சீட்டு மேலே தெரியும்படி.

"ஏங்க சொல்லல?"

அவன் காது மடல் சிவந்தது. "சொன்னா நீ தலைகால் புரியாம ஆடுவே."

"அஞ்சு வருஷம் எரிஞ்சேனே, மனுஷா! அதுக்கு ஆடியிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

அவன் டப்பாவை மாவுக்கட்டின் மேலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் யூலான் பல் துலக்கிவிட்டு அந்த டப்பாவைப் பிரித்தாள். ஐந்து வருஷத்தில் வாசனை கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. தட்டில் கொட்டிப் பார்த்தாள். ஒரு காம்பு இல்லை. சாமிக்கு மூன்று கோப்பை ஊற்றினாள். நான்காவது கோப்பையில் ஊற்றினாள், ஊற்றினாள், விளிம்பைத் தாண்டி மேடைத் துணி நனைகிற வரைக்கும் ஊற்றினாள். ஊதுபத்தியைப் பிடித்தாள்.

"இந்தா அக்கா, இது என் கை டீ. உன் வயித்துக்கு ஆகாதாம், உங்கம்மா சொன்னாங்க. ஆனாலும் ஒரு வாய் குடிச்சுப் பாரு. வலிச்சா வலிக்கட்டும், நானும் அஞ்சு வருஷம் வலியைப் பொறுத்தவதான். நாளைக்கு உனக்குக் கரியில வாட்டினது வாங்கியாறேன்."

"காலங்காத்தால யார்கிட்ட பேசற?" என்று உள்ளேயிருந்து யோங்ஃபாவின் குரல் வந்தது.

"அக்காகிட்ட" என்றாள் யூலான்.